மான்கறியில் ஈரல் வாடை: கறி கெட்டுவிட்டதா?

கேள்வி: நாங்கள் அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் மேடிசனில் இருக்கிறோம். பக்கத்து வீட்டுக்காரர் நவம்பர் மாதம் சுட்ட மானில் எங்களுக்கும் ஒரு பங்கு கொடுத்தார். தொடைக்கறியை மட்டன் மாதிரியே மசாலா அரைத்து, குக்கரில் ஆறு விசில் விட்டுக் குழம்பு வைத்தேன். ஈரலும் இரும்பும் கலந்த மாதிரி ஒரு வாடை. வாயில் மெழுகு ஒட்டியது போல இருந்தது. மறுநாள் சுட வைத்தபோது இன்னும் மோசம். "மிளகும் பூண்டும் கூடப் போடு, சரியாகிவிடும்" என்கிறார் மாமியார். கணவர் உப்புக்கண்டம் போடச் சொல்கிறார். ஃப்ரீசரில் இன்னும் ஏழெட்டுப் பொட்டலம் இருக்கிறது, சிலது கொத்துக்கறி. வீட்டில் நாலு வயதுப் பெண் இருக்கிறாள். ஆறு மாதக் கர்ப்பிணியான தங்கை அடுத்த வாரம் வருகிறாள். கறி கெட்டுப்போய்விட்டதா? சாப்பிடலாமா, வேண்டாமா?

பதில்: இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். ருசி ஏன் கெட்டது என்பது ஒன்று, சாப்பிட்டால் ஆபத்தா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நாம் நினைக்கிற அளவுக்குச் சம்பந்தம் கிடையாது. உங்கள் குழம்பில் வந்த வாடைக்குப் பெரும்பாலும் சாதாரணக் காரணம்தான். ஆனால் மான்கறியில் கால்நடை மருத்துவனாக நான் கவலைப்படும் விஷயங்கள் எதற்கும் வாடையே கிடையாது. அதனால் முதலில் ருசியை முடித்துவிடுவோம்.

அந்த மெழுகு ஒட்டியது போன்ற உணர்வு மானின் கொழுப்பால் வந்தது. ஆட்டுக் கொழுப்பைவிட மான் கொழுப்பு கெட்டியானது. குழம்பு கொஞ்சம் ஆறினாலே உறைந்து அண்ணத்தில் படியும். மட்டன் வாங்கும்போது "கொஞ்சம் கொழுப்பு சேர்த்துப் போடுங்க பாய்" என்று கேட்டு வாங்குகிற பழக்கம் நமக்கு. மான்கறியில் அதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். வெளியே தெரியும் வெள்ளைக் கொழுப்பு, கறியைப் போர்த்தியிருக்கும் வெள்ளிநிறச் சவ்வு இரண்டையும் விடாமல் எடுத்துவிட வேண்டும். கொழுப்பு ஃப்ரீசரில் இருந்தாலும் மெல்ல மெல்லச் சிக்கு வாடை பிடிக்கும். அரைத்த கறியில் காற்று படும் பரப்பு அதிகம் என்பதால் இன்னும் சீக்கிரம். மூன்று நான்கு மாதங்களுக்குள் கொத்துக்கறியைத் தீர்த்துவிடுவது நல்லது.

ஈரல் வாடைக்குக் காரணம் வேறு. மானின் தசையில் மயோகுளோபின் என்ற இரும்புச்சத்துள்ள புரதம் நிறைய உண்டு. கறி அத்தனை கருஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். கொழுப்போ தசைக்குள் மிகக் குறைவு. இப்படிப்பட்ட தொடைக்கறிக்கு ஆறு விசில் விட்டால் ஈரம் எல்லாம் வெளியேறி, நார் நாராகி, ஈரல் ருசி தூக்கலாகிவிடும். மறுநாள் மோசமானதற்கும் இதே இரும்புதான் காரணம். சமைக்கும்போது வெளிப்படும் இரும்பு, மிச்சமிருக்கும் கொழுப்பை வேகமாகக் காற்றோடு வினைபுரிய வைக்கிறது. திரும்பச் சுட வைக்கும்போது பழைய வாடை அடிக்கிறது. நேற்று வைத்த மீன் குழம்புக்குத்தான் ருசி என்பது நம் வீட்டுச் சட்டம். மான்கறிக்கு அது செல்லாது.

இதெல்லாம் அடுப்படியில் நடப்பது. கறியின் ருசி அதற்கு முன்பே, காட்டிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சோடு பேச்சாகச் சில விஷயங்களைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, மான் அடிபட்ட இடத்திலேயே விழுந்ததா, அடிபட்டு வெகுதூரம் ஓடியதா? நிதானமாக இருந்த விலங்கு சட்டென்று இறந்தால் தசையில் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறும், கறியின் பி.எச். (இது குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5 அளவுக்கு இறங்கும். கிருமிகள் பெருகுவதை அந்த லேசான புளிப்பு தாமதப்படுத்தும். மிரண்டு ஓடிக் களைத்த விலங்கிடம் கிளைகோஜன் தீர்ந்துபோயிருக்கும். பி.எச். 6-க்கு மேலேயே நின்றுவிடும். கறி கருத்து, தொட்டால் பசைபோல ஒட்டும், சீக்கிரம் கெடும். லாரியில் வெகுதூரம் நின்றுகொண்டே வந்த மாட்டை உடனே அறுத்தாலும் இதே கதைதான்.

இரண்டாவது, எவ்வளவு நேரத்தில் குடலை எடுத்தார்? இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன். மான் அசைபோடும் விலங்கு. இறந்த பிறகும் இரைப்பைக்குள் நொதித்தல் நிற்காது. சூடு, வாயு இரண்டும் ஏறிக்கொண்டே இருக்கும். தடித்த குளிர்காலத் தோல் வேறு அந்தச் சூட்டை வெளியே விடாது. அந்தி நேரத்தில் அம்பு பட்ட மானை இருட்டில் தேட முடியாமல் காலையில் கண்டுபிடிக்கும் வேட்டைக்காரர்கள் உண்டு. அந்தக் கறியில் முதலில் கெடுவது குடலை ஒட்டியிருக்கும் உள்முதுகுக் கறியும், பின்தொடையின் ஆழத்தில் இடுப்பெலும்பை ஒட்டிய கறியும். வெளியே பார்த்தால் தொடை நன்றாகவே இருக்கும். எலும்பு வரை கத்தியை இறக்கி, அந்த முனையை முகர்ந்தால் புளித்த வாடை வரும். குண்டோ அம்போ வயிற்றில் பட்டிருந்தால், அல்லது குடலெடுக்கும்போது கத்தி இரைப்பையையோ மூத்திரப்பையையோ கிழித்திருந்தால், அது பட்ட கறியைத் தாராளமாக வெட்டி எறிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது, கிடாவா, பெட்டையா? உங்கள் ஊரில் வெண்வால் மான் இணைசேரும் காலம் நவம்பரில் உச்சத்துக்கு வரும். மாத இறுதியில், நன்றி நவிலல் (தேங்ஸ்கிவிங்) பண்டிகையை ஒட்டி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை. அதற்குள் கிடாக்கள் பல வாரம் சரியாகத் தின்னாமல், பெட்டையைத் துரத்தி இளைத்திருக்கும். பின்னங்கால் முட்டியின் உட்புறம் ஒரு சுரப்பி உண்டு. இணைசேரும் பருவத்தில் கிடா அதன்மேல் மூத்திரம் பெய்து கால்களை ஒன்றோடொன்று தேய்க்கும். அந்த மயிர்க்கற்றை கருத்துப்போய்க் கிடக்கும். உரிக்கும்போது அதைத் தொட்ட கையையும் கத்தியையும் கழுவாமல் கறியைத் தொட்டால் அந்த வாடை கறியில் ஏறிவிடும். காயடிக்காத வெள்ளாட்டுக் கிடாவின் வாடை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான்காவது, வெட்டுவதற்கு முன் தொங்கவிட்டாரா? 0 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிரில் சில நாள் வைத்தால் தசை தளர்ந்து மிருதுவாகும். இறந்த சூடு ஆறுவதற்குள் ஃப்ரீசரில் திணித்த கறி சுருங்கி ரப்பராகிவிடும்.

இனி, உங்கள் பொட்டலங்களில் எது எப்படி என்று பார்க்க ஒரு சின்னச் சோதனை. பொட்டலத்தைத் தட்டில் வைத்து ஃப்ரிட்ஜுக்குள்ளேயே ஒரு நாள் விட்டு உருக விடுங்கள். சமையல் மேடையில் வெளியே வைக்க வேண்டாம். திறந்ததும் முகர்ந்து பாருங்கள். லேசான ரத்த வாடை இயல்பு. புளித்த, அழுகிய, அம்மோனியா வாடையோ, பச்சை நிறமோ, வழவழப்போ இருந்தால் ருசி பார்க்கவே வேண்டாம், குப்பைக்குப் போகட்டும். நன்றாக இருந்தால் சவ்வும் கொழுப்பும் நீக்கிய துண்டு ஒன்று, கொழுப்போடு ஒரு துண்டு எடுத்து, உப்பு மட்டும் போட்டு எண்ணெயில் தனித்தனியாக வதக்குங்கள். கொழுப்புத் துண்டில் மட்டும் வாடை வந்தால் பிரச்சினை கத்தியோடு தீர்ந்தது. இரண்டிலும் மூத்திர வாடை வந்தால் அந்தக் கறியை எந்த மசாலாவாலும் மீட்க முடியாது. வாயில் போடுவதற்கு முன் கீழே சொல்லப்போவதைப் படித்துவிடுங்கள்.

மாமியார் யோசனைக்கு வருவோம். நல்ல கறிக்கு மிளகும் பூண்டும் பொருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் கெட்ட கறியில் அதைப் போட்டால் மூக்கு தரும் ஒரே எச்சரிக்கையையும் நாமே அடைத்துவிடுகிறோம்.

இப்போது ஆபத்து. கடையில் வாங்கும் ஆட்டுக்கறிக்கும் மாட்டுக்கறிக்கும் அங்கே அரசு ஆய்வாளர் பார்வை உண்டு. காட்டில் சுட்ட மானை விற்கவே அனுமதியில்லை, கொடுக்கத்தான் முடியும். எனவே அந்த ஆய்வும் கிடையாது. வேட்டைக்காரர் கண்ணே ஆய்வாளர் கண்.

உங்கள் ஊரைப் பார்த்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது மான்களுக்கு வரும் நாள்பட்ட மெலிவு நோய். சி.டபிள்யூ.டி. என்பார்கள். 1967-இல் கொலராடோவில் முதலில் கவனிக்கப்பட்டது. விஸ்கான்சினில் 2002-இல், மேடிசனுக்கு மேற்கே மவுன்ட் ஹோரெப் பக்கம் சுடப்பட்ட மான்களில் கண்டுபிடித்தார்கள். இன்று மாநிலத்தின் தென்பகுதியில் வேரூன்றிவிட்டது. மாடுகளின் பைத்திய நோயைப் போலவே இதற்கும் காரணம் பிரியான் என்னும் உருமாறிய புரதம். வேக வைத்தாலும் உறைய வைத்தாலும் அது அழியாது. நோய் தொற்றிய மான் ஒன்றரை, இரண்டு வருடம் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருக்கும். பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மனிதருக்கு இது தொற்றியதாக இதுவரை உறுதியான பதிவு இல்லை. இருந்தாலும் நோய் உறுதியான மானின் கறியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை. மாட்டு நோய் மனிதருக்குத் தாவியது தெரிய வர எத்தனை வருடம் ஆனது என்று நினைத்தால், எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

மாநில இயற்கை வளத்துறை இதை இலவசமாகவே சோதித்துத் தருகிறது. சோதிப்பது கறியை அல்ல, தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நெறிக்கட்டியை. ஃப்ரீசரில் இருக்கும் தொடைத் துண்டை வைத்து இப்போது ஒன்றும் செய்ய முடியாது. சோதனை முடிவு மானைச் சுட்டவரிடம்தான் இருக்கும். கேட்பதில் சங்கடப்பட வேண்டாம். அங்கே வேட்டைக்காரர்களுக்குள் இது சாதாரணக் கேள்வி. கறிக்கடையில் கொடுத்து வெட்டியிருந்தால், அவர் மானைத் தனியாக வெட்டினார்களா, பலருடைய மான்களோடு சேர்த்து அரைத்தார்களா என்பதையும் கேளுங்கள். கொத்துக்கறியில் அந்தக் கலப்பு நடக்கும். சோதனையே செய்யவில்லை என்றால்? உங்கள் மாவட்டத்து மான் என்றால் நான் என் வீட்டில் சமைக்க மாட்டேன். அப்படித் தூக்கிப்போடும்போது இரட்டைப் பையில் கட்டிக் குப்பைவண்டியில் போடுங்கள். தோட்டத்தில் புதைக்க வேண்டாம்.

அடுத்தது ஈயம். துப்பாக்கியால் சுட்டது என்றால், குண்டு ஈயமா, செம்பா என்று கேளுங்கள். ஈயக் குண்டு எலும்பில் பட்டதும் நூற்றுக்கணக்கான துணுக்குகளாகச் சிதறும். காயத்திலிருந்து ஓர் அடிக்கும் அப்பால் கிடக்கும். பல துணுக்குகள் கண்ணுக்கும் தெரியாது, பல்லிலும் நெருடாது. 2008-இல் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்கு தானமாக வந்த மான் கொத்துக்கறியை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது பல பொட்டலங்களில் உலோகத் துணுக்கு தெரிந்தது. அதன் பிறகு அந்த மாநிலத்தில் 738 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். வேட்டைக்கறி சாப்பிடுபவர்களிடம் ஈயத்தின் அளவு சற்றே கூடுதலாக இருந்தது. பெரியவர்களுக்கு அது சின்ன வித்தியாசம்தான். வளரும் மூளைக்கு இவ்வளவு ஈயம் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் கிடையாது. எனவே ஈயக் குண்டு என்றாலோ, என்ன குண்டு என்று தெரியவில்லை என்றாலோ, உங்கள் பெண்ணுக்கும் தங்கைக்கும் வேண்டாம். கொத்துக்கறி கட்டாயம் வேண்டாம்.

இதில் நம் சமையல் பழக்கம் இரண்டு இடத்தில் நமக்கே எதிராகப் போகிறது. காயத்தைச் சுற்றிய கறியைத் தண்ணீரில் அலசினால் ஈயம் போய்விடாது. மினசோட்டாவில் சோதித்துப் பார்த்தபோது, அலசிய தண்ணீரோடு அது நல்ல கறிக்கும் பரவியது. இன்னொன்று புளிப்பு. புளி, வினிகர், தக்காளி என்று புளிப்பேற்றிக் கொதிக்க வைத்தால் துணுக்கிலிருந்து ஈயம் கூடுதலாகக் கரையும். காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறிவதுதான் வழி, அப்போதும் எல்லாத் துணுக்கும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. அம்பில் அடித்த மானில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அப்போது, இரவெல்லாம் காட்டில் கிடந்ததா என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

மூன்றாவது கிருமிகள். அரைவேக்காட்டில்தான் இவை வருகின்றன. நாம் வைக்கும் குழம்பில் பயம் குறைவு, கபாபில் அதிகம். 2017-இல் உங்கள் விஸ்கான்சினிலேயே அரைவேக்காட்டு மான்கறி சாப்பிட்ட ஒரு குழுவினருக்கு டாக்ஸோபிளாஸ்மா தொற்று வந்தது. கர்ப்பிணியின் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பாதிக்கக்கூடிய ஒட்டுண்ணி அது. ஃப்ரீசரில் வைத்தால் எல்லாம் செத்துவிடும் என்று நம்புகிறவர்களுக்கு ஒரு கரடிக் கதை. 2022-இல் தெற்கு டகோட்டாவில் ஒரு குடும்பம் கூடி, 45 நாள் ஃப்ரீசரில் இருந்த கரடிக்கறியை கபாப் போட்டது. கறி கருப்பு நிறம் என்பதால் வெந்ததா இல்லையா என்று தெரியவில்லை. ஆறு பேருக்கு டிரிக்கினெல்லா என்ற புழுத் தொற்று வந்தது. அதில் இரண்டு பேர் கறியையே தொடாமல், கூட வெந்த காய்கறியை மட்டும் சாப்பிட்டவர்கள். வடக்கத்திக் கரடிகளில் இருக்கும் அந்த வகைப் புழு உறைகுளிரைத் தாங்கும். மானில் இந்தப் புழு பெரிதாக வராது. நாளைக்கு யாராவது கரடிக்கறியோ காட்டுப்பன்றிக்கறியோ கொடுத்தால் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மான்கறி என்றால் கறியின் நடுவில் 71 டிகிரி செல்சியஸ் வர வேண்டும். நிறத்தை நம்பாமல் ஒரு கறித் தெர்மாமீட்டர் வாங்கிக் குத்திப் பாருங்கள், பத்துப் பதினைந்து டாலருக்குக் கிடைக்கும்.

உப்புக்கண்டம் பற்றி. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் கொடியில் காயப்போடுவதை விஸ்கான்சின் பனிக்காலத்தில் செய்ய முடியாது. மின்சார உலர்த்தியில்தான் போடுவீர்கள். 1995-இல் ஓரிகானில் வீட்டில் அப்படி உலர்த்திய மான்கறியால் ஈ.கோலை என்ற குடல் கிருமியின் தொற்று பரவியது. குறைந்த சூட்டில் காயும்போது கறி மேலே வறண்டுவிடுகிறது, கிருமி உலர்ந்த நிலையிலும் தாக்குப்பிடிக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்றால் துண்டுகளை முதலில் 71 டிகிரி வரை சூடாக்கிவிட்டு, அப்புறம் உப்பும் மஞ்சளும் தடவி உலர்த்துங்கள். பிரியானுக்கும் ஈயத்துக்கும் உப்பும் தெரியாது, வெயிலும் தெரியாது. அவை பற்றிய பதில் கிடைத்த கறியாக இருக்க வேண்டும்.

இதைப் படித்துவிட்டு ஊரில் யாராவது காட்டு முயல்கறியோ மான்கறியோ தேடிப் போகாதீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டையாடுவது மட்டுமல்ல, அந்தக் கறியை வைத்திருப்பதே குற்றம்.

பக்கத்து வீட்டுக்காரர் "சோதனை செய்தேன், நோய் இல்லை, செம்புக் குண்டுதான்" என்றால் சந்தோஷமாகச் சமையுங்கள். தங்கைக்கு நன்றாக வெந்த குழம்பு கொடுக்கலாம். பச்சைக்கறியை நறுக்கும் வேலையை மட்டும் அவரிடம் விட வேண்டாம். தொடைக்கறியைக் கொழுப்பும் சவ்வும் நீக்கி, தயிர், மஞ்சள், இஞ்சி பூண்டோடு பிசைந்து ஃப்ரிட்ஜில் ஓர் இரவு வையுங்கள். குறுக்கே மெல்லிசாக நறுக்கி, தேங்காய் எண்ணெயோ நெய்யோ கொஞ்சம் தாராளமாக விட்டுச் சுக்காவாக வதக்கினால் போதும், குக்கர் வேண்டாம். குக்கருக்கு ஏற்றது முன்னங்கால் சப்பையும் கழுத்துக்கறியும்தான். அதில் இருக்கும் நார் கரைய நேரம் வேண்டும், அடுப்பைக் குறைத்து வைத்து நிதானமாக வேக விடுங்கள். சுடச்சுடப் பரிமாறுங்கள், அன்றைக்கே தீருகிற அளவுக்கு வையுங்கள்.